ஒன்பதரை மாடி

நான்கு பகல், மூன்று இரவு.
அதற்குமேல் விடுப்பு எனக்கு இல்லை,
அதற்குமேல் காசு இருவருக்கும் இல்லை.

பிராக் என்று முடிவானது
ஒரு செவ்வாய்க்கிழமை, துணி காயப்போடும்போது.
மூங்கில் கழியின் அந்த முனையில் அவர் கேட்டார்:
"வியன்னா?"
இந்த முனையில் நான்:
"ஓட்டல் வாடகை பார்த்தீங்களா?"
தலையணை உறை ஒன்று காற்றில் எழும்பி
அவர் முகத்தில் அறைந்தது.
அத்தோடு வியன்னா போயிற்று.

பட்டியல் அவருடையது.
அறவாழி எதையும் பட்டியல் போட்டுத்தான் நேசிப்பார்.
முதல் நாள் பாலம்.
இரண்டாம் நாள் கோட்டை, மழையென்றால் அருங்காட்சியகம்.
மணி அடிக்கும்போது பழைய கடிகாரத்தின்
சன்னல் திறந்து பொம்மைகள் வலம் வருமாம்.
"11.50க்கே போய் நிற்க வேண்டும்"
என்று சிவப்பு மையில் அடிக்கோடு;
சொந்தக் கல்யாணத்துக்கு
நாற்பது நிமிடம் பிந்தி வந்தவர்.

என் கடவுச்சீட்டு சிவப்பு, கேள்வி இல்லை.
அவருடையது நீலம்.
பதினெட்டு வருடமாக இந்த ஊரின் தண்டவாளங்களைத்
தட்டிப் பார்த்து முடுக்கிவிடுகிறவர்
வங்கிக் கணக்கு எடுத்தார், முதலாளியின் கடிதம் வாங்கினார்.
"திரும்பி வருவீர்கள் என்பதற்கு ஆதாரம்"
என்ற வரிக்கு வந்ததும்
பேனாவைப் பிடித்தபடி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"வீவக வீட்டுப் பத்திரத்தை வைங்க" என்றேன்,
வேறு என்ன சொல்ல.
தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகை.
ஐம்பத்தேழு மிச்சம்.
அந்தப் பாலத்துக்கு அறுநூறு தாண்டிவிட்டதாம்,
இன்னும் ஆள் நடக்கிறது.

முஸ்தபாவில் வாங்கிய குளிர் அங்கிகளைப்
படுக்கையறையில் போட்டுப் பார்த்தோம்.
மின்விசிறி ஐந்தில் சுற்றியும்
இரண்டு நிமிடம் தாங்கவில்லை.
"பனி பெய்தால்?" என்றார், வேர்த்து வழிய.

சிக்கல் என் வலது முட்டிதான்.
பாலத்து முனையில் ஒரு கோபுரம்,
உச்சிவரை நூற்று முப்பத்தெட்டுப் படி.
"நீங்க ஏறுங்க, நான் கீழே காப்பி குடிக்கிறேன்."
"ரெண்டு பேரும்" என்று எழுதினார்
பட்டியலில், அதே சிவப்பு மையில்.

ஆகவே ஞாயிறு சாயங்காலம் ஒத்திகை,
யீஷூனில், எங்கள் புளோக்கின் படிக்கட்டில்.
தரைத்தளத்தில் பதினெட்டு,
பிறகு மாடிக்குப் பதினாறு.
நான்காவதில் யாரோ சம்பால் வதக்கிய நெடி,
இருவரும் தும்மினோம், எண்ணிக்கை தவறியது.
திரும்பவும் கீழிருந்தா? மாட்டேன் என்றேன்.
ஆறாவதில் சிவப்புப் பீடம், மூன்று ஆரஞ்சுப் பழம்,
இறங்கி முடிந்த ஊதுபத்தி.
ஏழாவதில் ஒரு கதவு நிறையச் செருப்புகள்,
உள்ளே யாருக்கோ பிறந்தநாள் கைதட்டல்.
எட்டாவதில் உட்கார்ந்துவிட்டேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
கீழ்ப்படியில் உட்கார்ந்து
என் முட்டியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார்,
தளர்ந்த ஆணி தேடுகிறவர்போல.

ஒன்பதாவது: நூற்று முப்பது.
இன்னும் எட்டு.

எட்டும் ஏறினால் மாடி இல்லை,
ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவே படி திரும்பும் இடம்.
லிஃப்ட் நிற்காத உயரம்.
அங்கே தேசிய சேவைச் சீருடையில் ஒரு பையன்
சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.
"ஆன்ட்டி, லிஃப்ட் ரிப்பேரா?"
"இல்லை, பிராக்" என்றார் அறவாழி, மூச்சு வாங்க.
ஏதோ நோய் என்று நினைத்தான் போலும்,
தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

குடித்துவிட்டு வெளியே பார்த்தோம்.
கூரைகளுக்கு நடுவே தண்டவாளம் வளைந்து கிடந்தது.
"அந்த வளைவு எங்க குழுவுது."
நடுநிசி ஒன்றரைக்கு மேல்,
ரயில்கள் தூங்கப் போனபின்தான் அவர் வேலை.
வெளிச்சத்தில், மேலிருந்து, இப்போதுதான் பார்க்கிறார்.
கத்திப் பக்கமிருந்து ஒரு ரயில் வந்தது.
வளைவைத் தொட்டபோது
சுவரைப் பிடித்திருந்த அவர் கை இறுகியது.
கடைசிப் பெட்டியும் கடந்தபின் தளர்ந்தது.

பையன் எங்களைப் படம் எடுத்துத் தந்தான்.
இருவர் தலையும் பாதிதான் விழுந்திருக்கிறது.

எங்கள் வீடு பதினோராவதில்.
பத்துவரை இன்னும் எட்டுப் படி ஏறி
அங்கிருந்து
லிஃப்டில் போனோம்.